ஆற்றலைச் செலவிடும் கலை: வீட்டு சிமுலேட்டரில் போர்விமான நகர்வுகள்

போர்விமானம் ஒன்றை அதன் வடிவமைப்பு தாங்கும் கடைசி எல்லைவரை இட்டுச்செல்லும் நகர்வுகள், ஒரு காலத்தில் விமானப்படைப் பயிற்சிப் பள்ளிகளிலும் வான்சாகசக் காட்சிகளிலும் மட்டுமே காணக்கிடைத்தவை. இன்று நல்ல கணினியும் ஜாய்ஸ்டிக்கும் விடாமுயற்சியும் உள்ள எவரும் அவற்றைத் தம் வீட்டு மேசையில் அமர்ந்தே பழக முடிகிறது. 1995-இல் வெளிவந்த ‘சு-27 ஃப்ளாங்கர்’ என்னும் கணினி விளையாட்டின் வழிவந்து, ஈகிள் டைனமிக்ஸ் நிறுவனத்தால் வளர்க்கப்பட்டுவரும் டிசிஎஸ் வேர்ல்டும், 1998-இல் மைக்ரோப்ரோஸ் வெளியிட்ட ஃபால்கன் 4.0 மென்பொருளை அடித்தளமாகக் கொண்டு ஆர்வலர்கள் பல்லாண்டுகளாகச் செப்பனிட்டு இலவசமாக வழங்கிவரும் ஃபால்கன் பிஎம்எஸ்ஸும் இத்துறையில் முன்னிற்பவை.

இவற்றைச் சாதாரணச் சுடும் விளையாட்டுகளிலிருந்து பிரித்துக்காட்டுவது ‘பறத்தல் மாதிரி’ எனப்படும் கணிதப் பகுதியாகும். இறக்கையின்மீது காற்று எந்தக் கோணத்தில் மோதுகிறது, அதனால் எழும் தூக்குவிசை எவ்வளவு, விமானத்தைப் பின்னோக்கி இழுக்கும் இழுவை எவ்வளவு, எஞ்சின் தரும் உந்துவிசை எவ்வளவு, எரிபொருள் தீரத்தீர எடை எவ்வாறு குறைகிறது என்பனவற்றையெல்லாம் ஒவ்வொரு நொடியிலும் பலமுறை கணக்கிட்டு, விமானத்தின் அடுத்த நிலையை இப்பகுதி தீர்மானிக்கிறது. திரையில் தோன்றும் விமானம், ஆகவே, வரைந்து வைக்கப்பட்ட பாதையில் செல்வதில்லை. விசைகளுக்குக் கட்டுப்பட்டே செல்கிறது. விமானியின் கை தவறினால் அதுவும் தவறும்.

இந்த உண்மைத்தன்மையே ஒரு பொறுப்பையும் உடன் கொண்டுவருகிறது. மேம்பட்ட நகர்வுகளின் வெளித்தோற்றத்தை மட்டும் போலச்செய்வது எளிது. ஒவ்வொரு நகர்வுக்கும் விமானம் எவ்வளவு ஆற்றலைச் செலவிடுகிறது, அந்தச் செலவுக்கு ஈடாக எதைப் பெறுகிறது என்பதைத் தெரிந்து செய்வது கடினம். வீட்டு சிமுலேட்டரின் மதிப்பு முழுவதும் இந்த இரண்டாவது அறிவில்தான் உள்ளது என்பதும், அதை அடைவதற்கு எந்த வரிசையில் பழகவேண்டும் என்பதுமே இக்கட்டுரை நிறுவ முயல்வது.

வேகமும் உயரமும்

வான்போரை ஆற்றலின் மொழியில் பேசக் கற்றுக்கொடுத்தவர்கள் இருவர். அமெரிக்க விமானப்படை அதிகாரியும் நெவாடாவின் நெல்லிஸ் தளத்தில் போர்விமானிகளுக்குப் பயிற்சி அளித்தவருமான ஜான் பாய்டு, ஃபுளோரிடாவின் எக்லின் தளத்தில் பணியாற்றிய கணிதவியலாளர் தாமஸ் கிறிஸ்டியுடன் இணைந்து, 1960-களின் முற்பகுதியில் ஆற்றல்–நகர்திறன் கோட்பாட்டை உருவாக்கினார். ஒரு விமானம் அதன் பகையைவிடச் சிறந்ததா என்னும் கேள்விக்கு, உச்ச வேகத்தையோ உச்ச உயரத்தையோ சுட்டாமல், ஒரு குறிப்பிட்ட கணத்தில் அது எவ்வளவு ஆற்றலைக் கைவசம் வைத்திருக்கிறது, இழந்ததை எவ்வளவு விரைவாக மீட்கிறது என்னும் அளவைகளால் விடைதரும் கோட்பாடு இது. எஃப்-15, எஃப்-16 ஆகிய விமானங்களின் வடிவமைப்பில் இதன் செல்வாக்கு ஆழமானது.

கோட்பாட்டின் அடிப்படை எளியது. பறக்கும் விமானத்திடம் இருவகை ஆற்றல் உண்டு: உயரத்தால் வரும் நிலையாற்றல் ஒன்று, வேகத்தால் வரும் இயக்க ஆற்றல் மற்றொன்று. வைப்புநிதியும் கையிருப்பும் ஒரே குடும்பத்தின் செல்வமாக இருப்பதுபோல, உயரமும் வேகமும் ஒரே ஆற்றலின் இரு வடிவங்களாக இருந்து, தேவைக்கேற்ப ஒன்று மற்றொன்றாக மாற்றப்படுகின்றன. இவ்விரண்டையும் கூட்டி உயரக் கணக்கில் சொல்வது ‘ஆற்றல் உயரம்’ எனப்படும். 3,000 மீட்டர் உயரத்தில் மணிக்கு 720 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் விமானம், தன் வேகம் முழுவதையும் இழப்பின்றி உயரமாக மாற்ற முடிந்தால் மேலும் ஏறக்குறைய 2,040 மீட்டர் ஏறும். எனவே அதன் ஆற்றல் உயரம் சுமார் 5,040 மீட்டர். 4,500 மீட்டர் உயரத்தில் மணிக்கு 360 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும் விமானத்தின் ஆற்றல் உயரமோ சுமார் 5,010 மீட்டர். ஒன்று தாழ்ந்தும் மற்றது உயர்ந்தும் காணப்பட்டாலும் இரண்டும் கிட்டத்தட்டச் சமமான ஆற்றல் உடையவை என்பதை இக்கணக்கு காட்டிவிடுகிறது.

இந்த இருப்பு எந்த வேகத்தில் கூடுகிறது அல்லது குறைகிறது என்பதைச் சொல்லும் அளவுக்கு ‘மிகைத்திறன்’ என்று பெயரிடலாம். உந்துவிசையிலிருந்து இழுவையைக் கழித்து, மீதியை வேகத்தால் பெருக்கி, விமானத்தின் எடையால் வகுத்தால் அது கிடைக்கும். விடை நேர்மமாக இருந்தால் விமானம் ஏறவோ விரையவோ முடியும். சுழியமாக இருந்தால் இருக்கும் நிலையைக் காக்க முடியும். எதிர்மமாக இருந்தால், அந்நிலை நீடிக்கும்வரை, வேகத்தையோ உயரத்தையோ இழந்தே தீரவேண்டும். ஸ்டிக் என்னும் கட்டுப்பாட்டுத் தண்டைப் பலமாக இழுக்கும் ஒவ்வொரு முறையும் தூக்குவிசையோடு இழுவையும் பெருகுவதால், மிகைத்திறன் எதிர்ப்பக்கம் சாய்கிறது. சிமுலேட்டரில் புதிதாக அமர்பவர்கள் ஸ்டிக்கை எப்போதும் முழுமையாக இழுத்தபடியே சண்டையிட்டு, சிறிது நேரத்துக்குள் வேகமின்றித் தவிப்பதற்குக் காரணம் இதுவே.

திருப்பத்தின் கணிதம்

எல்லா மேம்பட்ட நகர்வுகளுக்கும் தாய் சாதாரணத் திருப்பமே. விமானம் ஒருபுறம் சாய்ந்து, ஸ்டிக் பின்னோக்கி இழுக்கப்படும்போது, இறக்கையின் தூக்குவிசை விமானத்தை அந்தப் பக்கமாக இழுத்துத் திருப்புகிறது. விமானத்தின் எடையைப்போல் அத்தூக்குவிசை எத்தனை மடங்கு என்பதே ‘ஜி’ எனப்படும் சுமை அளவு. உயரம் மாறாமல் 60 பாகை சாய்வில் திரும்பும் விமானம் 2 ஜி சுமையைத் தாங்குகிறது. எஃப்-16 தன் எல்லையில் 9 ஜி வரை தாங்கும்.

திருப்பத்துக்கு இரண்டு அளவுகள் உண்டு. வட்டம் எவ்வளவு சிறியது என்பதை ஆரமும், மூக்கு நொடிக்கு எத்தனை பாகை சுழல்கிறது என்பதைத் திருப்ப வீதமும் சொல்கின்றன. மணிக்கு 720 கிலோமீட்டர் வேகத்தில் 9 ஜி திருப்பம் செய்யும் விமானத்தின் ஆரம் சுமார் 456 மீட்டர், வீதம் நொடிக்கு சுமார் 25 பாகை. அதே 9 ஜி சுமையை மணிக்கு 1,080 கிலோமீட்டரில் இழுத்தால் ஆரம் 1,000 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. வீதமோ 17 பாகையளவுக்குச் சரிகிறது. வேகம் ஒன்றரை மடங்கானதற்கு வட்டம் இரண்டேகால் மடங்கு பெருத்துவிட்டது. உடல் தாங்கும் துன்பம் இரண்டிலும் ஒன்றே. பயன் மட்டும் இரண்டாவதில் வெகுவாகக் குறைவு.

அப்படியானால் மெதுவாகச் செல்வதே நல்லதா என்னும் கேள்வி எழும். தூக்குவிசை வேகத்தின் இருபடிக்கு ஏற்பப் பெருகுவது என்பதால், வேகம் குறையும்போது 9 ஜி சுமையை எழுப்புவதற்கே இறக்கையால் இயலாமல் போகிறது. நேர்ப்பறப்பில் விமானத்தைத் தாங்கும் மிகக் குறைந்த வேகத்தைப்போல் மூன்று மடங்கு வேகம் இருந்தால்தான் 9 ஜி கிட்டும். இறக்கையின் எல்லையும் உடற்சட்டத்தின் எல்லையும் சந்திக்கும் அந்த வேகம் ‘கார்னர் வேகம்’ எனப்படுகிறது. கணநேரத் திருப்ப வீதம் உச்சமாக இருப்பது அங்கேதான். தான் ஓட்டும் விமானத்தின் கார்னர் வேகத்தை, அது ஏந்தியுள்ள எரிபொருளுக்கும் பறக்கும் உயரத்துக்கும் ஏற்ப, மனத்தில் பதித்துவைத்திருப்பது முதற்பாடம்.

ஆனால் கணநேர உச்சத்தில் ஒரு விமானம் நிலைத்திருக்க முடியாது. அங்கே இழுவை உந்துவிசையை வென்றுவிடுவதால் வேகம் கரைகிறது. வேகமும் உயரமும் குறையாமல் சுற்றிக்கொண்டே இருக்கக்கூடிய வீதம் ‘நீடித்த வீதம்’ எனப்படும். இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியே விமானங்களின் குணவேறுபாட்டை உண்டாக்குகிறது. எஃப்-16 தன் நீடித்த வீதத்தால் வெல்ல முயலும் விமானம். எஃப்/ஏ-18 ஹார்னெட்டோ, குறைந்த வேகத்தில் மூக்கைப் பெரிய கோணத்துக்கு உயர்த்திப் பகையை நோக்கித் திருப்பும் திறனால் வெல்ல முயல்வது. இருவரும் எதிரெதிராகக் கடந்தபின் ஒருவரையொருவர் துரத்தி வெவ்வேறு வட்டங்களில் சுற்றும் இருவட்டச் சண்டையில் வீதமும், இருவரும் ஒரே பக்கமாகத் திரும்பி ஒரே வட்டத்துக்குள் நெருக்கும் ஒருவட்டச் சண்டையில் ஆரமும் முடிவைத் தீர்மானிக்கின்றன. எஃப்-16 ஓட்டுபவர் ஹார்னெட்டுடன் ஒருவட்டச் சண்டைக்கு உடன்படுவது, தன் வலிமையைக் கைவிட்டு எதிரியின் வலிமைக்குள் நுழைவதாகும்.

செங்குத்துத் தளம்

கிடைமட்டத் திருப்பத்தோடு உயரத்தையும் கலக்கத் தொடங்கும்போதே நகர்வுகள் ‘மேம்பட்டவை’ என்னும் பெயருக்கு உரியவை ஆகின்றன. இங்கே புவியீர்ப்பு ஒரு பங்காளி. தலைகீழாக வளையத்தின் உச்சியில் இருக்கும் விமானி 5 ஜி இழுத்தால், புவியீர்ப்பும் அதே திசையில் சேர்வதால் 6 ஜி அளவுக்குப் பாதை வளைகிறது. வளையத்தின் அடியில் அதே 5 ஜி இழுத்தால், புவியீர்ப்புக்கு ஈடுகொடுக்கவே ஒரு பங்கு போய், 4 ஜி அளவுக்கே வளைகிறது. ஆகையால் ஒரே அளவு இழுப்பில் செய்யப்படும் செங்குத்து வளையம் முழுவட்டமாக அமைவதில்லை. மேற்பகுதி குறுகியும் கீழ்ப்பகுதி அகன்றும் முட்டைவடிவம் கொள்கிறது. எதிரியைவிட மேலே இருந்துகொண்டு, தூக்குவிசையின் திசையைக் கீழ்நோக்கி வைத்துத் திரும்புபவருக்குக் கிடைக்கும் இந்த ஆதாயத்தை எந்த எஞ்சினாலும் ஈடுசெய்துவிட முடியாது.

முதல் உலகப்போரின் ஜெர்மானிய விமானி மாக்ஸ் இம்மெல்மனின் பெயரைத் தாங்கும் நகர்வில், விமானம் அரை வளையமாக மேலேறி, உச்சியில் தலைகீழ் நிலையிலிருந்து உருண்டு நேராகி, முன்பு வந்த திசைக்கு எதிர்த்திசையில் உயர்ந்த இடத்தில் செல்கிறது. வேகம் உயரமாக மாற்றப்படுகிறது. அதன் மறுதலையான ‘ஸ்ப்ளிட்-எஸ்’ நகர்வில், விமானி முதலில் தலைகீழாக உருண்டு, அரை வளையமாகக் கீழே இழுத்து, தாழ்ந்த உயரத்தில் எதிர்த்திசையில் வெளிவருகிறார். மணிக்கு 720 கிலோமீட்டர் வேகத்தில் பாதை சராசரியாக 5 ஜி அளவுக்கு வளைகிறது என்று கொண்டால், வேகம் கூடவே கூடாது என்று வைத்துக்கொண்டாலும்கூட, இந்நகர்வு 1,600 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தை விழுங்கும். இறங்கும்போது வேகம் கூடுவதால் உண்மையில் இன்னும் அதிகமாகவே விழுங்கும். சிமுலேட்டரில் தரையில் மோதுவதற்குப் பெருங்காரணமாக இருப்பது, உயரமானியைப் பார்க்காமல் தொடங்கப்படும் ஸ்ப்ளிட்-எஸ் ஆகும். தொடங்கும் முன்பே உயரத்தையும் வேகத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பழகுவது இதற்கு நல்ல மருந்து.

‘உயர் யோ-யோ’ என்பது துரத்துபவருக்கு உரியது. எதிரி திரும்பிக்கொண்டிருக்க, துரத்துபவர் மிகுந்த வேகத்தில் நெருங்கிவிட்டால், அவர் எதிரியின் பாதையைக் கடந்து முன்னே சென்று இரையாகிவிடும் அபாயம் உண்டு. அதைத் தவிர்க்க, அவர் தம் சாய்வைச் சற்றுக் குறைத்து மூக்கை உயர்த்தி, திருப்பத்தின் தளத்தை விட்டு மேலேறி, மிகையான வேகத்தை உயரமாகச் சேமித்துக்கொண்டு, பின்னர் எதிரியின் பின்புறத்தை நோக்கிக் கவிழ்ந்து இறங்குகிறார். ‘தாழ் யோ-யோ’ இதற்கு எதிரானது: நெருங்க முடியாமல் பின்தங்கும்போது, திருப்பத்தின் உட்புறமாக மூக்கைத் தாழ்த்தி, உயரத்தைக் கொடுத்து வேகத்தையும் கோணத்தையும் பெற்று, மீண்டும் மேலெழுவது. இரண்டிலும் வெற்றி மென்மையைப் பொறுத்தது. தளத்தை விட்டு அளவுக்கு மீறி விலகினால், எதிரி திசைமாறித் தப்புவதற்குப் போதிய நேரம் கிடைத்துவிடும்.

இருவரும் சமநிலையில் சிக்கிக்கொண்டால் நிகழ்வது கத்தரி நகர்வு. உருளும் கத்தரியில் இரண்டு விமானங்களும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியபடியே முன்னேறுகின்றன. உயரத்தை இழக்காமல் தன் முன்னேற்றத்தை மற்றவரைவிடக் குறைத்துக்கொள்பவர் பின்புறத்தைப் பிடிக்கிறார். ஸ்டிக்கை மட்டும் நம்பாமல், த்ராட்டில் என்னும் எஞ்சின் நெம்புகோலையும் ரடர் மிதிகளையும் ஒருங்கே இயக்கவேண்டிய கட்டாயத்தை இந்நகர்வுபோல் வேறெதுவும் உணர்த்துவதில்லை.

இவையனைத்தையும் ஒரு விதியில் அடக்கலாம்: முதலில் உருண்டு தூக்குவிசையின் திசையை விரும்பும் இடத்தில் வைப்பது, பிறகு இழுப்பது. தூக்குவிசையின் திசை என்பது, இறக்கைகளுக்குச் செங்குத்தாக, விமானியின் தலைக்கு மேலே செல்லும் கற்பனைக்கோடு. விமானம் அக்கோட்டை நோக்கியே வளையும் என்பதால், உருளுதலையும் இழுத்தலையும் ஒரே நேரத்தில் கலந்து செய்பவர் இரண்டையும் அரைகுறையாகவே பெறுகிறார். உருளும் கணத்தில் ஸ்டிக்கைத் தளர்த்துபவரோ இழுவையைக் குறைத்துச் சிறிது வேகத்தையும் மீட்டுக்கொள்கிறார்.

ஸ்டாலுக்கு அப்பால்

இறக்கையின் முன்விளிம்பையும் பின்விளிம்பையும் இணைக்கும் கோட்டுக்கும் எதிர்வரும் காற்றுக்கும் இடையிலுள்ள கோணம் தாக்குகோணம் எனப்படும். அது ஓர் எல்லையைத் தாண்டினால் காற்று இறக்கையின் மேற்பரப்பை விட்டுப் பிரிந்து, தூக்குவிசை சரிகிறது; இந்நிலையே ஸ்டால். பல்லாண்டுகளாக விமானிகள் அஞ்சி ஒதுங்கிய இந்த எல்லைக்கு அப்பாலும் கட்டுப்பாட்டுடன் பறக்க முடியும் என்பதை உலகம் கண்கூடாகக் கண்டது 1989 ஜூனில், பாரிஸ் அருகிலுள்ள லெ பூர்ஷே விமானக் கண்காட்சியில். சோதனை விமானி விக்டர் புகச்சேவ் தம் சு-27 விமானத்தின் மூக்கைச் செங்குத்தையும் தாண்டிப் பின்சாயும்வரை உயர்த்தி, உயரம் பெரிதும் மாறாமலே மீண்டும் நேராக்கிக் காட்டினார். ‘கோப்ரா’ எனப் பெயர்பெற்ற இந்நகர்வை ஒத்த ஒன்றை 1960-களிலேயே ஸ்வீடனின் ட்ராக்கன் விமானிகள் பழகியிருந்தனர்.

டிசிஎஸ் வேர்ல்டின் சு-27 விமானத்தில் கோப்ராவைச் செய்யும் முறை உண்மையான விமானத்தின் அமைப்பை ஒட்டியது. ஆயுதமும் மிகை எரிபொருளும் இல்லாத இலகுவான நிலையில், போதிய உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வேகத்தில் நேராகப் பறக்கும்போது, தாக்குகோணத்தைக் கட்டுப்படுத்தும் தானியங்கி அமைப்பை விலக்கி நேரடிக் கட்டுப்பாட்டுக்கு மாற்றும் விசையை அழுத்தி, ஸ்டிக்கைச் சட்டென்று முழுவதுமாக இழுக்கவேண்டும். மூக்கு செங்குத்தைக் கடந்ததும் ஸ்டிக்கை நடுநிலைக்கு விட்டால், அந்தப் பெருங்கோணத்தில் விமானத்தின்மீது செயல்படும் காற்றுவிசைகளே மூக்கைக் கீழே கொண்டுவருகின்றன. இழுக்கும் கணத்தில் கை சிறிதளவு பக்கவாட்டில் சாய்ந்தாலும் விமானம் ஒருபுறமாகச் சரிந்துவிடும் என்பதே இதிலுள்ள கடினம்.

நகர்வின் விலையைக் கணக்கிடுவது இதைவிடப் பயனுள்ளது. மணிக்கு 432 கிலோமீட்டரில் தொடங்கிய விமானம், கோப்ரா முடியும்போது 180 கிலோமீட்டரில் நின்றால், சில நொடிகளுக்குள் அது ஏறக்குறைய 600 மீட்டர் ஆற்றல் உயரத்தை இழந்திருக்கும். நெருங்கித் துரத்தும் எதிரி ஒருவரை முன்னே தள்ளிவிடுவதற்கு அது உதவக்கூடும். ஆனால் அந்தக் கணத்தில் அவர் சுடப்படாவிட்டால், அல்லது வானில் இரண்டாவது எதிரி ஒருவர் இருந்தால், வேகமற்ற விமானம் எளிய இலக்காக நிற்கும். எனவே கோப்ரா, போரில் கைக்கொள்ளும் உத்தி என்பதைவிட, விமானத்தின் கட்டுப்பாடு எவ்வளவு ஆழமானது என்பதற்கான சான்று என்று கொள்வதே பொருந்தும்.

ஸ்டாலுக்கு அப்பாற்பட்ட பறத்தலுக்குப் போர்ப்பயன் தேடியவர் ஜெர்மனியின் வோல்ஃப்காங் ஹெர்ப்ஸ்ட். அவர் கருத்துகளைச் சோதித்த அமெரிக்க–ஜெர்மானியக் கூட்டுத் திட்டமான எக்ஸ்-31 சோதனை விமானத்தில், எஞ்சினின் வெளியேறும் தாரையை மூன்று தகடுகள் திசைதிருப்பின; உந்துவிசையையே இவ்வாறு சாய்த்து மூக்கை ஆள்வது உந்துதிசை மாற்றம் எனப்படும். 1993 ஏப்ரல் 29 அன்று இவ்விமானம், ஸ்டாலைத் தாண்டிய நிலையில் மிகச் சிறிய ஆரத்தில் 180 பாகை திரும்பும் நகர்வை நிகழ்த்திக் காட்டியது. உந்துதிசை மாற்றத் தொழில்நுட்பம் கொண்ட சு-30எம்கேஐ விமானங்களை இந்திய விமானப்படை இயக்குகிறது. 2020 ஜனவரியில் அவற்றின் படைப்பிரிவு ஒன்று தஞ்சாவூர் தளத்தில் நிறுவப்பட்டது.

இந்தப் பகுதியில் வீட்டு சிமுலேட்டர் தரும் தலைசிறந்த பாடம், தவறிய விமானத்தை மீட்பதாகும். எஃப்-16 விமானத்தின் கணினி தாக்குகோணத்தைச் சுமார் 25 பாகையில் தடுத்து நிறுத்துகிறது. ஆனாலும் மூக்கை மிக உயர்த்தி வேகத்தை இழந்தபடி உருளும் விமானம் அத்தடையைத் தாண்டி, 50 முதல் 60 பாகைத் தாக்குகோணத்தில் நிலைத்து, ஸ்டிக்குக்குக் கட்டுப்படாமல் விழும் ‘ஆழ்ஸ்டால்’ நிலையில் சிக்கக்கூடும். மீளும் வழி, கணினியின் தடையை விலக்கும் சுவிட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மூக்கு எழும்போது இழுத்தும் தாழும்போது தள்ளியும் அதன் இயல்பான ஆட்டத்தோடு இசைந்து அசைத்து, ஆட்டம் பெருகியதும் மூக்கைக் கீழே இறக்குவது. ஆட்டத்துக்கு எதிராக அசைப்பவர் அதை அடக்கிவிடுகிறார். அவசரப்படுபவர் உயரத்தை இழக்கிறார். உண்மை விமானத்தில் உயிரைப் பணயம் வைக்கும் இப்பாடத்தை, கை தானாக இசையும்வரை மீண்டும் மீண்டும் பழக முடிவது சிறு பேறு அன்று.

உடலின் இடத்தில்

வீட்டு சிமுலேட்டரால் தரமுடியாதது உடலின் அனுபவம். 75 கிலோ எடையுள்ளவர் 9 ஜி திருப்பத்தில் 675 கிலோ எடையுள்ளவராக உணர்கிறார். இரத்தம் தலையிலிருந்து கால்களை நோக்கி இறங்க, பார்வை முதலில் நிறமிழந்து, பின் குறுகி, இறுதியில் நினைவே தவறலாம். இதை எதிர்க்கவே விமானிகள் கால்களையும் வயிற்றையும் அழுத்தும் ஜி-உடையை அணிகிறார்கள். தசைகளை இறுக்கி, மூச்சை ஏறக்குறைய மூன்று நொடிக்கு ஒருமுறை மட்டும் மாற்றும் பயிற்சியைப் பழகுகிறார்கள். எஃப்-16 விமானத்தின் இருக்கையும் இதற்குத் துணையாக 30 பாகை பின்சாய்த்து அமைக்கப்பட்டுள்ளது. சிமுலேட்டர் இவற்றுக்கெல்லாம் ஈடாகத் திரையை மங்கச் செய்வதோடு நிறுத்திக்கொள்கிறது.

உடல் சொல்லும் செய்திகளைக் கண்ணும் காதும் ஏற்கவேண்டியிருப்பதால், பயில்பவர் சில ஏற்பாடுகளைச் செய்துகொள்வது நலம். இறக்கை ஸ்டாலை நெருங்கும்போது எழும் அதிர்வை உண்மை விமானி இருக்கையில் உணர்வார். வீட்டில் அது ஒலியாகவே வருவதால், எஞ்சின் ஓசையைக் குறைத்துக் காற்றின் ஓசை தெளிவாகக் கேட்குமாறு வைத்துக்கொள்ளலாம். எதிரியைக் கண்ணிலிருந்து தவறவிடுபவர் சண்டையையே தவறவிடுவார் என்பதால், தலையின் அசைவைப் பின்தொடர்ந்து காட்சியைத் திருப்பும் ட்ராக்ஐஆர் போன்ற கருவியோ, மெய்நிகர் காட்சித் தலையணியோ, விலையுயர்ந்த ஜாய்ஸ்டிக்கைவிட முதன்மையான தேவை. எஃப்-16 விமானத்தின் ஸ்டிக் அழுத்தத்தை அளப்பதேயன்றிப் பெரிதாக அசைவதில்லை. மேசை ஜாய்ஸ்டிக்கோ நெடுந்தூரம் அசைவது. இவ்வேறுபாட்டைச் சமன்செய்ய, நடுப்பகுதியில் மென்மையாகவும் விளிம்பில் வேகமாகவும் பதிலளிக்குமாறு உள்ளீட்டு வளைகோட்டை அமைத்துக்கொள்வது வழக்கம். வளைவு மிகுந்தால் விளிம்பருகே நுண்மை கெடும் என்பதால் அதிலும் அளவு வேண்டும்.

உடலின்மை வெறும் குறைபாடாக மட்டும் நின்றுவிடுவதில்லை. அது சண்டையின் இயல்பையே மாற்றிவிடுகிறது. 2020 ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டார்பா நடத்திய ஆல்ஃபாடாக்ஃபைட் போட்டியில், ஹெரான் சிஸ்டம்ஸ் நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு நிரல், தலையணி அணிந்து சிமுலேட்டரில் எஃப்-16 ஓட்டிய தேர்ந்த விமானப்படை விமானி ஒருவரை ஐந்துக்குச் சுழியம் என வென்றது. எதிரியின் இடம் நிரலுக்கு எப்போதும் துல்லியமாகத் தெரிந்திருந்தது ஒரு காரணம். நேருக்கு நேர் பாய்ந்து வரும்போதே பீரங்கியால் சுடும் உத்தியை அது தயங்காமல் கையாண்டது மற்றொரு காரணம். அமெரிக்க விமானிகள் பயிற்சியில் ஒருவரையொருவர் 500 அடிக்குள் நெருங்கக்கூடாது என்னும் விதியைக் காப்பவர்கள். மோதலுக்கு அஞ்சாத நிரலுக்கு அந்தத் தயக்கம் இல்லை. பின்னர் எக்ஸ்-62ஏ என்னும் மாற்றியமைக்கப்பட்ட எஃப்-16 விமானத்தில் இத்தகைய நிரல்கள் உண்மை வானில் சோதிக்கப்பட்டபோது, பாதுகாப்பு விதிகளுக்கு அவை உட்படுத்தப்படவேண்டியிருந்தது. வீட்டில் பயில்பவரும் இதே தேர்வின் முன் நிற்கிறார். மோதினாலும் மறுபடி தொடங்கலாம் என்னும் வசதியைப் பயன்படுத்தி வெல்பவர் மென்பொருளின் இடைவெளியை வெல்கிறார். 500 அடி விதியைத் தாமே தமக்கு விதித்துக்கொண்டு வெல்பவரே பறக்கக் கற்கிறார்.

பயிற்சியின் வரிசை

பழகும் வரிசை இதுவரை சொன்னவற்றிலிருந்தே பிறக்கிறது. முதலில், 60 பாகை சாய்வில், உயரமும் வேகமும் மாறாமல், ஒரு முழுத் திருப்பத்தை நிறைவாக முடிக்கும்வரை பழகவேண்டும். எளிதாகத் தோன்றும் இதில் தேர்ச்சியில்லாதவரின் மேம்பட்ட நகர்வுகள் தற்செயலாகவே அமையும். அடுத்து, எஞ்சினின் உந்துவிசையைப் பெருக்கும் பின்னெரிப்புடன் சாய்வைக் கூட்டி, வேகம் கரையத் தொடங்கும் எல்லையை ஒட்டியே சுற்றி, நீடித்த வீதத்தின் இடத்தைக் கை அறியச்செய்யவேண்டும். மூன்றாவதாக, தொடங்கிய உயரத்திலும் வேகத்திலும் முடியும் செங்குத்து வளையம். அதன்பின் இம்மெல்மனும் ஸ்ப்ளிட்-எஸ்ஸும். அதற்கும் பிறகே, சீராகத் திரும்பிக்கொண்டிருக்கும் இலக்கு ஒன்றின்மீது இரு யோ-யோக்கள். பீரங்கியால் மட்டும் போரிடும் ஒருவருக்கொருவர் சண்டை இறுதியில் வரவேண்டியது. எஃப்-16 ஏந்தும் சுமார் 510 குண்டுகள், நிமிடத்துக்கு 6,000 என்னும் வீதத்தில் ஐந்தே நொடிகளில் தீர்ந்துவிடும் என்பதால், சுடும் நிலையை அடையும்வரை பொறுத்திருக்கும் பண்பையும் அது கற்பிக்கும்.

பறத்தலுக்குப் பின்வரும் ஆய்வு பறத்தலுக்கு இணையானது. டிசிஎஸ் வேர்ல்ட், ஃபால்கன் பிஎம்எஸ் ஆகிய இரண்டின் பறத்தல் பதிவுகளையும் டாக்வியூ என்னும் மென்பொருளில் திறந்து, இரு விமானங்களின் பாதைகளையும் முப்பரிமாணத்தில் பின்னும் முன்னும் ஓட்டிப் பார்க்கலாம். வேகமும் உயரமும் ஜி அளவும் ஒவ்வொரு கணத்துக்கும் அதில் கிடைக்கின்றன. தோல்வி நிகழ்ந்த கணத்தைப் பார்ப்பதில் பெரும்பயன் இல்லை. அதற்கு அரை நிமிடம் முன்பு, தேவையின்றி ஸ்டிக்கை இழுத்து வேகத்தைக் கரைத்த கணமோ, எதிரியின் வட்டத்துக்குள் அவசரமாக நுழைந்த கணமோ எங்கேனும் இருக்கும். அதைக் கண்டெடுப்பதே ஆய்வின் நோக்கம். இவற்றுக்கெல்லாம் அடிப்படையான நூலறிவை நாடுபவர்களுக்கு, 1985-இல் வெளிவந்த ராபர்ட் ஷாவின் ‘ஃபைட்டர் காம்பாட்’ இன்றும் சிறந்த வழிகாட்டி.

இப்பயிற்சி எவரையும் போர்விமானி ஆக்கிவிடாது. அந்தப் பெயர், உடலையும் உயிரையும் பணயமாக வைத்துப் பறப்பவர்களுக்கே உரியது. ஆயினும் விசை, ஆற்றல், வடிவியல் ஆகியவற்றைப் பாடநூலின் சமன்பாடுகளாக மட்டும் அறிந்த ஒருவர், தம் கையின் ஒவ்வோர் அசைவுக்கும் அவை உடனே விடைதருவதைக் காணும்போது அடையும் தெளிவு, வகுப்பறையில் எளிதில் கிட்டாதது. ஒரு நகர்வைச் செய்துமுடித்ததும், எவ்வளவு வேகத்தை இழந்தோம், எவ்வளவு உயரம் எஞ்சியுள்ளது, இழந்ததை எங்கே மீட்போம் என்னும் மூன்று கேள்விகளுக்குக் கருவிகளைப் பார்க்காமலே விடைசொல்ல இயலுமானால், அந்நகர்வைக் கற்றாயிற்று என்று கொள்ளலாம். இயலாதவரை, எவ்வளவு அழகாக அமைந்திருந்தாலும், அதை மீண்டும் பழகவேண்டும்.